ஒரு கூரையின் கீழ்ப் பல துறைகள்

கண்டி மாநகரிலிருந்து மகியங்கனையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை குண்டசாலை, திகனை, தெல்தெனிய என்னும் ஊர்களைக் கடந்து, மலையேறி, ஹுன்னஸ்கிரியவை அடைகின்றது. அங்கிருந்து பிரியும் கிளைப்பாதை லூலுவத்தை வழியாகக் கோர்பெட் கணவாய்க்கும், அதற்கப்பால் மீமுரை என்னும் பழங்கிராமத்துக்கும் செல்கின்றது. வழியிலே தேயிலைத் தோட்டங்கள். அவற்றுக்கு மேலே நக்கிள்ஸ் என்று வழங்கும் தும்பறை மலைத்தொடர். அம் மலைக்காட்டின் நிழலிலே நெடுங்காலமாக ஏலம் பயிரிடப்பட்டு வந்தது. ஏலத்துக்கு நிழல் வேண்டும்; ஆகவே பயிரிட்டவர்கள் பெருமரங்களை விட்டுவைத்து, அவற்றின் கீழே வளர்ந்த செடிகளையும் இளங்கன்றுகளையும் வெட்டித் துப்புரவாக்கினர். தொலைவில் நின்று பார்ப்பவருக்குக் காடு காடாகவே தோன்றும். உள்ளே சென்று பார்ப்பவருக்கோ, நாளைய மரமாக வேண்டிய கன்றுகள் அருகிப் போயிருப்பது தெரியும்.

இந்த ஏலச் செடியைப் பற்றிய ஆராய்ச்சி எந்தத் துறையைச் சேர்ந்தது? காட்டின் அழிவு தாவரவியலாளருக்கு உரியது. மண்ணரிப்பு மண்ணியலாளருக்கு உரியது. அம் மலையில் ஊறும் ஹுலு கங்கை விக்டோரியா நீர்த்தேக்கத்திலே சேர்வதால், நீரைப் பற்றிய கணக்குப் பொறியியலாளருக்கு உரியது. ஏலத்தின் விலை பொருளியலாளருக்கும், ஏலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் நிலை சமூகவியலாளருக்கும் உரியன. நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டிலே பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டிலே இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஏலச் செய்கை தடை செய்யப்பட்ட பின்னர், காட்டைக் காப்பதும் அக் குடும்பங்களைக் காப்பதும் எவ்வாறு ஒருங்கே நிகழக்கூடும் என்ற வினா எழுந்தது. அதற்கு மேற்கூறிய அறிஞர்களுள் ஒருவரேனும் தனித்து நின்று விடை கூற முடியாது.

பல்கலைக்கழகம் அறிவைத் துறை துறையாகப் பிரித்து வைத்திருக்கின்றது. அவ்வாறு பிரிப்பதிலே தவறில்லை. ஆழமாகக் கற்பதற்கு அதுவே வழி. ஆயினும் இயற்கையும் மனித வாழ்வும் அந்தப் பிரிவினையை அறிந்து நடப்பதில்லை. ஆதலால் ஒரு வினாவை நடுவிலே வைத்து, பல துறை அறிஞரையும் அதனைச் சுற்றி அமர்த்தும் ஆராய்ச்சி நிலையங்கள் கடந்த நூற்றாண்டிலே உலகின் பல பாகங்களிலும் தோன்றின. அவை வெளியிட்ட ஆராய்ச்சி முடிவுகளைப் பற்றிப் பலர் பேசியுள்ளனர். அந்நிலையங்களிலே பணிபுரிந்த மனிதரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இத்தகைய இடத்தில் ஐந்து ஆண்டோ பத்து ஆண்டோ வாழ்ந்த ஓர் ஆராய்ச்சியாளரின் பிற்காலம் எவ்வாறு அமைகின்றது? அவர் பெறுவது யாது? இழப்பது யாது? இவ்வினாக்களுக்கு விடை தேட அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. ஹுன்னஸ்கிரியவுக்குச் செல்லும் அதே சாலையிலே, மலையேறுவதற்கு முன்னர் வரும் திகனையிலேயே அதற்குத் தக்க சான்று உண்டு.

திகனைக் கிராமத்திலே 1984ஆம் ஆண்டில் சர்வதேச நீர்ப்பாசன முகாமை நிறுவகம் பணியைத் தொடங்கிற்று. அக்காலத்தில் ஆசிய நாடுகள் பெரும் பொருளைச் செலவிட்டு அணைகளையும் வாய்க்கால்களையும் கட்டியிருந்தன. விக்டோரியா அணையும் திகனைக்கு அண்மையிலே எழுந்துகொண்டிருந்தது. ஆனால் அணையிலே நீர் இருந்தும், வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ள கமக்காரனின் வயலுக்கு நீர் வந்து சேராத குறை எங்கும் காணப்பட்டது. வாய்க்காலின் அளவு பிழையா? மதகைத் திறக்கும் அதிகாரியின் பிழையா? தலைமடைக் கமக்காரன் தேவைக்கு மேல் எடுத்துக்கொள்வதா? நெல்லின் விலையா? ஊரவரிடையே உள்ள பகையா? இந்த வினாக்களை ஆராயும்பொருட்டுப் பொறியியலாளர், பயிரியல் அறிஞர், பொருளியலாளர், மானிடவியலாளர் ஆகியோர் பல நாடுகளிலிருந்தும் அங்கே வந்து கூடினர்.

கூடியவர்கள் முதலிலே எதிர்ப்பட்ட தடை சொற்களைப் பற்றியது. ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் வழங்கினர். 'வீண்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். மண் வாய்க்காலில் ஓடும் நீரின் ஒரு பகுதி தரைக்குள் இறங்கிவிடுகின்றது. பொறியியலாளரின் கணக்கிலே அது வீணான நீர். ஆனால் கீழ்ப்புறத்தில் கிணறு வைத்திருக்கும் கமக்காரனைக் கேட்டால், அந்த நீரை இறைத்துத்தான் தன் மிளகாய்த் தோட்டம் தழைக்கின்றது என்பான். வாய்க்காலுக்குச் சீமெந்து பூசி அந்த நீரைத் தடுத்துவிட்டால், ஒருவரின் கணக்கிலே சேமிப்பு. மற்றவரின் கிணற்றிலே வறட்சி. அந்நிறுவகத்தின் தலைவராக 1995 முதல் 2000 வரை பணிபுரிந்த டேவிட் செக்லர் என்னும் பொருளியலாளர் 1996ஆம் ஆண்டிலே வெளியிட்ட ஆராய்ச்சி அறிக்கையில் இக்கருத்தை வற்புறுத்தினார். ஒரு வயலை மட்டும் பார்த்து நீர்ச் சேமிப்பைக் கணக்கிடலாகாது. ஆற்றுப் படுகை முழுவதையும் நோக்கவேண்டும் என்பது அவரது வாதம். ஜாக் கெல்லர், அன்ட்ரூ கெல்லர் என்னும் பொறியியலாளரும் இதே ஆராய்ச்சியிலே உடன் உழைத்தனர். பொருளியலாளரும் பொறியியலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு சொல்லைத் திருத்தியதன் பயன் இது.

அந்தத் திருத்தம் நிறுவகத்தின் பெயரையே மாற்றியது எனலாம். நீர்ப்பாசனத்தை மட்டும் ஆராயத் தொடங்கியது, 1998ஆம் ஆண்டிலே சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகம் என்று பெயர் பெற்றது. 1990களின் தொடக்கத்திலேயே அதன் தலைமையகம் திகனையை விட்டுக் கொழும்பின் புறநகருக்குச் சென்றுவிட்டது. 2012ஆம் ஆண்டிலே ஸ்டொக்ஹோம் நீர்ப் பரிசு அதற்கு வழங்கப்பட்டது. கண்டி மலைச்சாரலில் ஒரு கிராமத்தில் தொடங்கிய நிலையம் இத்துணைப் புகழ் பெற்றது இலங்கையருக்குப் பெருமை தருவதே. ஆயினும் இங்கே கருதவேண்டியது, அதன் வாயில் வழியாகச் சென்று வெளிவந்த மனிதரின் கதை.

ரொபர்ட்டோ லென்டன் ஆர்ஜென்டினாவிலே பிறந்த பொறியியலாளர். 1987 முதல் 1994 வரை அந்நிறுவகத்தின் தலைவராக இருந்தார். பின்னர் ஐக்கிய நாடுகளின் அபிவிருத்தித் திட்டத்திலே சுற்றாடல் துறையிலும், குடிநீர், சுகாதாரம் ஆகியவற்றுக்கான உலக அமைப்பின் தலைமையிலும், உலக வங்கியின் திட்டங்களால் தமக்குத் தீங்கு நேர்ந்தது என்று மக்கள் முறையிடும்போது அதனை விசாரிக்கும் குழுவிலும் பணியாற்றினார். 2012ஆம் ஆண்டிலே அமெரிக்க நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நீரையும் உணவையும் ஒருங்கே ஆராயும் நிலையத்தின் முதற்பணிப்பாளரானார். கால்வாயின் கொள்ளளவைக் கணிக்கக் கற்ற பொறியியலாளர், பிற்காலத்திலே ஏழைகளின் முறையீட்டைக் கேட்கும் ஆசனத்தில் அமர்ந்தார். பொறியியலை மட்டும் கற்று, பொறியியலாளரோடு மட்டும் பழகியவருக்கு இவ்வழி திறந்திருக்குமா என்பது ஐயமே.

டக்ளஸ் மெரி என்பவர் மானிடவியலாளர். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்துக் கிராமம் ஒன்றிலே, மானம் கௌரவம் என்னும் எண்ணங்கள் வாய்க்காலைக் கூடிப் பராமரிக்கும் வேலைக்கு எவ்வாறு இடையூறாகின்றன என்பதை ஆராய்ந்தவர். 1985ஆம் ஆண்டிலே திகனைக்கு வந்தார். இருபது ஆண்டளவு அந்நிறுவகத்தோடு இருந்து உயர்பதவிகளை வகித்தார். மார்கிரீட் ஸ்வார்ட்டவீன் நெதர்லாந்திலே நீர்ப்பாசனம் கற்றவர். 1990களிலே அந்நிறுவகத்தில் பணிபுரிந்தபோது, நீர்ப்பாசனத்திலே பெண்களின் இடம் யாது என்னும் வினாவை எடுத்துக்கொண்டார். நேபாளத்தின் ஒரு பாசனத் திட்டத்தைப் பற்றி அவரும் நேபாள ஆய்வாளர் ஒருவரும் 1996இல் எழுதிய அறிக்கை, கூட்டத்துக்கு வராத பெண்கள் எல்லாரும் நீரை இழந்தவரல்லர் என்றும், கூட்டத்துக்கு வெளியே வேறு வழிகளில் அவர்கள் நீரைப் பெற்றுக்கொண்டனர் என்றும் காட்டிற்று. பின்னாளிலே அவர் நெதர்லாந்திலே நீர் ஆட்சி பற்றிய பேராசிரியரானார். திகனையிலும் கொழும்பிலும் எழுந்த வினாவே அவரது வாழ்நாள் துறையாயிற்று.

இளமையிலே வந்தவர்களைப் போலவே, முதிர்ந்த பின் வந்தவர்களும் இத்தகைய இடத்தால் மாறுகின்றனர். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையத்தில் பேராசிரியராக இருந்தவர் சக்திவடிவேல். இலங்கையின் விவசாயப் பணிப்பாளராக இருந்தவர் மண்ணியல் அறிஞர் கிறிஸ்தோபர் பானபொக்கே. இவ்விருவரும் இந்நிறுவகத்திலே சேர்ந்து உழைத்து, இலங்கையின் சிறு குளங்களைப் பற்றி 2002ஆம் ஆண்டிலே ஒரு நூலை இன்னொருவருடன் கூடி வெளியிட்டனர். வறண்ட வலயத்துக் குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒரு குளத்தின் மிகைநீர் வான் வழியாக வயலுக்கும், வயலின் கழிநீர் அடுத்த குளத்துக்கும் செல்லும் சங்கிலித் தொடர்கள். சிங்களத்தில் 'எல்லங்காவ' என்று வழங்கும் இவ்வமைப்பை, பேராதனைப் பல்கலைக்கழகத்துப் புவியியற் பேராசிரியர் மத்தும பண்டார 1985ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டியிருந்தார். புவியியலாளர் கண்டதை மண்ணியலாளரும் நீரியற் பொறியியலாளரும் தொடர்ந்து ஆராய்ந்தனர். ஒரு குளத்தின் கட்டை உயர்த்தினால் அடுத்த குளத்துக்குக் கேடு வரலாம் என்பதை இன்று அதிகாரிகளும் பேசுகின்றனர். வாழ்நாளின் பெரும்பகுதியை ஒரு துறையிலே செலவிட்டவர்கள், தம் முதுமையில் மற்றொரு துறையின் அறிவைக் கேட்டுப் பெற்றதனால் விளைந்தது அது.

ஒரு கட்டடமே இல்லாமலும் இத்தகைய நிலையம் அமையக்கூடும் என்பதற்குத் தமிழ்நாடும் இலங்கையும் சேர்ந்த ஒரு முயற்சி சான்று. 1970களின் முற்பகுதியிலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் பி. எச். பார்மர் தலைமையில் ஓர் ஆராய்ச்சிக் குழு புறப்பட்டது. புதிய நெல்லினங்களால் ஏற்பட்ட பசுமைப் புரட்சி தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டிலும் இலங்கையின் அம்பாந்தோட்டைப் பகுதியிலும் உண்மையில் எவ்வளவு பரவியது, யாருக்குப் பயன்பட்டது என்று அறிவதே நோக்கம். சென்னைப் பல்கலைக்கழகமும் கொழும்பிலுள்ள கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் உடன் நின்றன. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே கள ஆய்வு நடைபெற்றது; 1977ஆம் ஆண்டிலே நூல் வெளிவந்தது.

அக்குழுவினர் பின்னர் சென்ற வழிகள் கருதத்தக்கவை. ரொபர்ட் சேம்பர்ஸ் வரலாறு கற்றவர். கென்யாவிலே ஆட்சி அதிகாரியாக இருந்தவர். கிராமத்தைப் பற்றி நிபுணர் அறிந்திருப்பதைவிடக் கிராமத்தவர் அறிந்திருப்பது மிகுதி என்னும் கொள்கையை அவர் பின்னாளில் உலகெங்கும் பரப்பினார். 1983இல் அவர் எழுதிய நூல், கடைசியில் நிற்பவனை முதலில் வைத்து எண்ணவேண்டும் என்று வாதித்தது. ஜோன் ஹாரிஸ் மானிடவியலிலிருந்து அபிவிருத்தி பற்றிய கல்விக்குச் சென்று, லண்டனிலும் கனடாவிலும் கற்பித்தார். பார்பரா ஹாரிஸ் ஆரணி நகரத்தின் நெல் வியாபாரிகளை ஆராயத் தொடங்கினார். அந்தச் சிறு நகரத்தை அவர் விட்டுவிடவில்லை. பின்னர் ஒக்ஸ்போர்டிலே பேராசிரியரான பிறகும், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, தாமும் தம் மாணவரும் மீண்டும் மீண்டும் ஆரணிக்குச் சென்று அதன் சந்தையையும் தொழிலையும் பதிவு செய்தனர். 2016ஆம் ஆண்டிலே அந்த நாற்பதாண்டு மாற்றத்தைப் பற்றிய நூல் வெளிவந்தது. புள்ளிவிபரவியலாளரான நஞ்சம்மா சின்னப்பா பிற்காலத்தில் கனடாவின் புள்ளிவிபரத் திணைக்களத்தில் பணிபுரிந்தார்; தம் கணவருடன் சேர்ந்து, குடகு நாட்டு மக்களின் நாட்டுப்பாடல் தொகுப்பாகிய 'பட்டோலெ பழமெ'யை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

வட ஆர்க்காட்டின் அதே கிராமங்களுக்கு 1980களிலே மீண்டும் ஓர் ஆராய்ச்சிக் குழு சென்றது. சர்வதேச உணவுக் கொள்கை ஆராய்ச்சி நிறுவகமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதனை நடத்தின. அந்த ஆராய்ச்சியை முன்னின்று எழுதியவருள் ஒருவரான சி. ராமசாமி பின்னர் கோயம்புத்தூரிலுள்ள அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். முதற்குழு விட்டுச் சென்ற கணக்கு இரண்டாம் குழுவுக்கு அடித்தளமாயிற்று. ஆகவே இத்தகைய முயற்சிகள் தம்மிடம் வந்தவரை மட்டும் உருவாக்கவில்லை. பின்னர் வரப்போகின்றவருக்கும் வேலை தந்தன.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்ட ஒருவர், பல துறை நிலையத்திலே பணிபுரிந்தால் உயர்வு உறுதி என்று முடிவு செய்துவிடக்கூடும். அம்முடிவு அவசரமானது. வெற்றி பெற்றவர்களின் பெயர்களே நூல்களிலும் பரிசுப் பட்டியல்களிலும் நிற்கின்றன. வந்து, உழைத்து, திட்டம் முடிந்ததும் பெயரின்றி மறைந்தவர் பலர். அவர்களையும் எண்ணாத கணக்கு முழுக் கணக்காகாது. மேலும், பரந்த நோக்குடையவர்களே இத்தகைய இடங்களைத் தேடி வருகின்றனர். ஆகவே அவர்களது பிற்கால உயர்வு முழுவதும் நிலையத்தின் கொடை என்று கூறவும் இயலாது.

கல்லோயாவின் கதை இதனைத் தெளிவாக்கும். இங்கினியாகலை அணையால் உண்டான சேனாநாயக்க சமுத்திரத்தின் இடதுகரை வாய்க்கால்கள் 1980ஆம் ஆண்டளவிலே பெரிதும் சிதைந்திருந்தன. தலைமடையில் நீர் மிகுதி, கடைமடையில் நீரில்லை. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்கக் கோர்னல் பல்கலைக்கழகமும் ஒரு புது வழியை மேற்கொண்டன. பட்டதாரி இளைஞரைத் தெரிந்தெடுத்து, பயிற்சி அளித்து, 1981ஆம் ஆண்டு முதல் கிராமங்களிலே குடியிருக்கச் செய்தன. அவர்கள் கமக்காரருடன் பழகி, வாய்க்கால்தோறும் சிறு குழுக்கள் அமையத் துணைபுரிந்தனர். அவ்வாண்டு சமுத்திரத்திலே நீர் மிகக் குறைவு. ஆயினும் கமக்காரர் கூடி வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறை வைத்து நீரைப் பகிர்ந்தனர். தலைமடையில் இருந்தவர் பெரும்பாலும் சிங்களக் கமக்காரர். கடைமடையில் இருந்தவருள் தமிழர் பலர். நாட்டிலே இனப்பகை வளர்ந்துவந்த அக்காலத்தில், மேல்மடைக் கமக்காரர் கீழ்மடைக்கு நீர் விட்டது எளிதில் மறக்கத்தக்க செய்தியன்று.

அம்முயற்சியிலே முன்னின்ற நோர்மன் அப்ஹோப் அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவர். கல்லோயாவிலே அவர் கற்றதை 1992ஆம் ஆண்டிலே ஒரு பெருநூலாக எழுதினார். 1990 முதல் 2005 வரை கோர்னலிலே உணவு, வேளாண்மை, அபிவிருத்தி ஆகியவற்றைப் பல துறையாலும் ஆராயும் நிலையத்தை நடத்தினார். மடகாஸ்கரிலே தோன்றிய நெற்செய்கை முறை ஒன்றை அங்கே அறிந்து, பின்னர் உலகெங்கும் எடுத்துரைத்தார். தமிழ்நாட்டிலே 'ஒற்றை நாற்று நடவு' என்று கமக்காரர் கூறும் முறை அதுவே. அரசியல் விஞ்ஞானி ஒருவர் நெல் நாற்றின் வயதையும் நடவு இடைவெளியையும் பற்றிப் பேசத் துணிந்தார். நெல்லியல் அறிஞர் சிலர் அவரது கூற்றுகளைக் கடுமையாக மறுத்தனர். அவ்வாதம் முற்றும் ஓய்ந்துவிடவில்லை. துறை வேலியைத் தாண்டுகின்றவர் இத்தகைய எதிர்ப்பையும் ஏற்க வேண்டியிருக்கும்.

ஆனால் கல்லோயாவின் கிராமங்களிலே குடியிருந்த அந்தப் பட்டதாரி இளைஞர் யாது ஆயினர்? அவர்களது நியமனம் தற்காலிகமானது. நிரந்தரமாக்கப்படும் என்ற உறுதி இல்லை, ஓய்வூதியம் இல்லை. அரசாங்கம் ஆசிரியர் நியமனங்களை வழங்கியபோது, அவர்களுட் பலர் கனத்த மனத்துடன் கிராமத்தை விட்டு, வகுப்பறைக்குச் சென்றனர். அவர்களுக்குப் பதிலாகப் புதியவர் வந்தனர்; அவர்களும் சென்றனர். அவர்கள் செய்த வேலையின் சிறப்பை வெளிநாட்டு நூல்கள் புகழ்கின்றன. அந்த அனுபவத்தை மதித்து அவர்களை உயர்த்தும் ஏணி மட்டும் உள்நாட்டிலே இருக்கவில்லை. பல துறை ஆராய்ச்சியின் பயனை அறுவடை செய்தவருக்கும், அதற்கு விதை தூவியவருக்கும் இடையே உள்ள இந்தத் தூரமே இப்பொருளில் நாடு கவலைப்பட வேண்டிய இடம்.

நிலையான வேலையிலே இருப்பவருக்கும் வேறு வகையான இடர் உண்டு. பல்கலைக்கழகத்திலே பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போது, தேர்வுக் குழுவில் அமர்ந்திருப்பவர் தத்தம் துறையின் அளவுகோலாலேயே அளக்கின்றனர். பொறியியலாளரும் சமூகவியலாளரும் ஐவர் கூடி எழுதிய கட்டுரையைப் பொறியியற் பீடம் தன்னுடையதாகக் கருதுவதில்லை. கலைப் பீடமும் கருதுவதில்லை. அண்டை வீட்டார் இருவருக்கும் பொதுவான மாமரத்துக்கு இருவரும் நீரூற்றாத நிலை அதற்கு நேர்வதுண்டு. அன்றியும், பல துறைகளிலே சிறிது சிறிது அறிந்தவர், எந்தத் துறையிலும் ஆழ அறியாதவர் என்ற பழிக்கும் ஆளாகலாம். அப்பழி சில வேளைகளிலே உண்மையாகவும் இருக்கின்றது. தம் துறையிலே உறுதி பெறுமுன் மற்றவர் துறையின் மொழியைப் பேசக் கற்றவர், கூட்டங்களிலே நன்றாகப் பேசுவார், ஆராய்ச்சியிலே தடுமாறுவார்.

இவ்விடத்தில் கண்டியின் மற்றொரு மலையை நோக்கலாம். ஹந்தானையிலே அமைந்துள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தினால் உருவானது. பௌதிகவியலாளர், இரசாயனவியலாளர், மண்ணியலாளர், நுண்ணுயிரியலாளர் அங்கே ஒரே வளவிலே ஆராய்கின்றனர். 1984 முதல் 1990 வரை அதனை நடத்திய சிறில் பொன்னம்பெருமவின் வாழ்க்கையே ஒரு பாடம். 1923இல் காலியிலே பிறந்த அவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்று 1948இல் பட்டம் பெற்றார். பின்னர் லண்டனிலே இரசாயனம் கற்றார். அங்கே பேர்னலிடமும், அமெரிக்காவின் பேர்க்லியிலே மெல்வின் கல்வினிடமும் பயின்றார். இருவருமே துறைவேலிகளைப் பொருட்படுத்தாதவர். கல்வினின் ஆய்வுகூடத்திலே இரசாயனவியலாளரும் உயிரியலாளரும் கலந்தே உழைத்தனர். அங்கே 1962இல் கலாநிதிப் பட்டம் பெற்ற பொன்னம்பெரும, அமெரிக்க விண்வெளி நிறுவனத்திலே உயிரின் தோற்றத்தை ஆராய்ந்தார். 1969இல் சந்திரனிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணையும் சோதித்தார். உயிர் எவ்வாறு தோன்றியது என்பது மெய்யியல் மாணவனின் வினா. அதற்கு விடை தேட அவர் எடுத்துக்கொண்டது இரசாயனவியலாளனின் சோதனைக்குழாய். வினா பரந்தது, கருவி கூர்மையானது. கருவியைக் கூர்மையாக்கும்பொருட்டு மீண்டும் முதலாண்டு மாணவனைப் போல அமர்ந்து கற்க அவர் தயங்கவில்லை. பிறரது ஆய்வுகூடத்திலே தாம் பெற்றதைப் பின்னர் ஹந்தானையிலே இந்நாட்டு இளைஞருக்கு அளிக்க முயன்றார். 1994ஆம் ஆண்டிலே அவர் காலமானார்.

இந்த வாழ்க்கைகளையெல்லாம் ஒப்புநோக்கும்போது ஒரு பொதுத்தன்மை புலனாகின்றது. பல துறை நிலையத்தால் நெடும்பயன் பெற்றவர்கள் தம் துறையைக் கைவிட்டவரல்லர். தம் துறையைக் கையிலே வைத்துக்கொண்டு வினாவை மாற்றிக்கொண்டவர்கள். மெரி மானிடவியலாளராகவே இருந்தார்; ஆனால் மதகையும் வாய்க்காலையும் அறிந்தார். பானபொக்கே மண்ணியலாளராகவே இருந்தார். ஆனால் ஒரு குளத்தின் மண்ணோடு நில்லாமல் குளத்தொடரை நோக்கினார். நிலையம் அவர்களுக்கு அளித்தவை மூன்று எனலாம்: வாழ்நாள் முழுவதும் தொடரத்தக்க ஒரு வினா, வேறு துறையாரின் பேச்சைப் பொறுமையுடன் கேட்கும் பழக்கம், நிலையத்தை விட்டு நீங்கிய பின்னரும் உதவும் நண்பர்கள். இவற்றுள் இரண்டாவதே அரிது. அதனை நூலிலே கற்க இயலாது. ஒரே வயல் வரம்பிலே நடந்து, ஒரே தேநீர்க் கடையிலே அமர்ந்து, பலமுறை வாதாடித் தோற்றுத்தான் கற்கவேண்டும்.

ஆகவே இத்தகைய நிலையத்திலே சேர விரும்பும் இளைஞர், முதலில் ஒரு துறையிலே உறுதியான பயிற்சி பெறுவது நலம். சேர்ந்த பின், பொதுக் கட்டுரைகளோடு தம் துறையினர் மதிக்கும் ஆராய்ச்சி ஒன்றையும் ஆண்டுதோறும் செய்துவருதல் வேண்டும். திட்டம் முடியும் நாளை மறவாதிருத்தலும் வேண்டும். பல்கலைக்கழகங்களும் தம் பங்கைச் செய்யவேண்டும். கூட்டாக எழுதிய ஆராய்ச்சியில் ஒவ்வொருவரது உழைப்பும் யாது என்று கேட்டறிந்து மதிக்கும் முறை தேர்வுக் குழுக்களிலே வரவேண்டும். நிலையத்துக்குச் சென்ற விரிவுரையாளர் திரும்பி வந்தால், அவர் கழித்த ஆண்டுகள் சேவைக் காலமாகக் கணிக்கப்படவேண்டும்.

நிலையங்களின் கடமை இன்னும் பெரிது. வெளிநாட்டு அறிஞருக்கு அடுத்த பதவி வேறொரு நாட்டிலே காத்திருக்கின்றது. கிராமத்திலே வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்த உள்ளூர்ப் பட்டதாரிக்கு அவ்வாறு ஒன்றும் இல்லை. அவரது பெயர் அறிக்கையின் முகப்பிலே ஆசிரியர் வரிசையில் இடம்பெறவேண்டும். நன்றியுரையின் கடைசி வரியிலே இட்டுவிடுவது போதாது. திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே அவருடைய மேற்படிப்புக்கும் ஒரு பங்கு ஒதுக்கப்படவேண்டும். கல்லோயாவின் இளைஞருக்குக் கிடைக்காத ஏணியை இனி வருபவருக்கேனும் அமைத்துக் கொடுத்தால், அவர்கள் அறிந்த கிராமமும் கற்ற பாடமும் நாட்டுக்கு மிஞ்சும்.

நக்கிள்ஸ் காட்டின் ஏலமும், வறண்ட வலயத்துக் குளமும், கடைமடைக் கமக்காரனின் வயலும் எழுப்பும் வினாக்கள் இன்னும் தீர்ந்துவிடவில்லை. மழை பெய்யும் காலமும் அளவும் மாறிவரும் இந்நாளிலே அவை மேலும் கடினமாகின்றன. அவற்றை ஆராய நாளை வரப்போகும் இளைஞர் எந்தத் துறையிலிருந்து வந்தாலும், திட்டம் முடிந்தபின் மதிப்புடன் திரும்பிச் செல்ல ஓர் இடம் இருக்கின்றது என்னும் நம்பிக்கையோடு வரவேண்டும். அந்த நம்பிக்கையை அளிப்பது பல்கலைக்கழகங்களின் கையிலும் ஆராய்ச்சி நிலையங்களின் கையிலுமே உள்ளது.